தம்பி உள்ள படிச்சான், நான் வெளிய பேப்பர் சேத்தேன்

என் தம்பி ஜெயில்ல இருந்துக்கினே பி.ஏ. முடிச்சான், இப்ப எம்.ஏ. ரெண்டாவது வருஷம். இத சொன்னா கேக்கறவங்க ரெண்டு விதம், ஒண்ணு "அட பரவால்லையே"ன்னு ஒரு பரிதாபம், இன்னொண்ணு "உள்ள வேற வேலை இன்னா, படிக்க வேண்டியதுதான"ன்னு ஒரு நக்கல். உள்ள உக்காந்து படிக்கிறது இதுல பாதி வேலை கூட இல்லன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. மீதி பூரா வெளிய, ஜெராக்ஸ் கடையில, பழைய ஸ்கூல் எச்.எம். ரூம் வாசல்ல, நெட் சென்டர்ல. அத செஞ்சது நான். நான் பண்ண தப்பு நெறைய, அதுல ஒண்ணு ரெண்டு ஒரு வருஷத்தையே முழுங்கிடுச்சு. நம்ம பக்கத்துல இப்பிடி ஆள் உள்ள இருக்குற வூடு எனக்குத் தெரிஞ்சே நாலஞ்சு இருக்கு, அவங்களுக்கு ஆவட்டும்னுதான் எழுதறேன். நடுவுல சொதப்பின ஸ்கூல், சென்டர் பேரு எதையும் சொல்லல, சொல்லி இனிமே ஆவப்போறது ஒண்ணுமில்ல.

நாங்க குடியாத்தம். நைனா லுங்கி நெசவு, நான் வூட்டுலயே பிளவுஸ் தைக்கிறேன். 2015-ல மனைத் தகராறுல ஆரம்பிச்ச அடிதடி, ஒருத்தரு உசுரு போயிடுச்சு, 2017-ல தம்பிக்கு ஆயுள் தண்டனை. அவன் பண்ணலன்னு சொல்ல வரல.

மனு பாக்க, அதாவது உள்ள இருக்குறவன நேர்ல பாத்து பேச, தொரப்பாடியில இருக்குற வேலூர் ஜெயிலுக்குப் போவணும், கே.வி.குப்பம், லத்தேரி வழியா காட்பாடி வந்து அங்கருந்து பாகாயம் போற டவுன் பஸ். 1830-ல இருந்து இருக்குற ஜெயிலு, ராஜாஜி இருந்தாரு, காமராஜர் இருந்தாருன்னு நாங்க ஸ்கூல்ல படிச்சதுதான், ஆனா அந்த கேட்டுக்கு முன்னாடி ஆதார் ஜெராக்ஸ் கையில வெச்சுக்கினு லைன்ல நிக்கிறப்போ காமராஜர்லாம் ஞாபகத்துக்கு வரமாட்டாரு, நேரத்துக்கு உள்ள விடுவாங்களான்னு மட்டும்தான் இருக்கும். இப்ப கைதின்னு சொல்லக்கூடாது, சிறைவாசின்னுதான் சொல்லணும்னு சொல்றாங்க, எங்கம்மாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

தண்டனை ஆயி கொஞ்ச மாசம் அவன் ஒண்ணும் பேசமாட்டான், நல்லாக்கீறேன், களி நல்லாக்கீது, அவ்ளோதான். ஒரு நாள் திடீர்னு, "க்கா, என் பிளஸ் டூ மார்க் ஷீட் எங்கக்கா கீது?"ன்னான். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. 2012-ல அக்கவுண்டன்சிலயும் இங்கிலீஷ்லயும் ஃபெயிலாயி அந்த மார்க் ஷீட்ட ஸ்கூல்லயே வாங்காம வுட்டவன் அவன். அவனுக்கு அத கிளப்பி வுட்டது கூட இருந்த ஒரு பெரியவரு. அவன் ஃப்ரீ பஸ் பாஸ்ல ஸ்கூலுக்குப் போயி ஃபெயிலான அதே 2012-லதான் இதே வேலூர் ஜெயில்ல இருந்து பேரறிவாளன் பிளஸ் டூ எழுதி 1200-க்கு 1096 எடுத்தாரு. "நீ வெளிய இருந்து ஃபெயிலு, அவரு உள்ள இருந்து 1096"ன்னு அந்தப் பெரியவரு சொல்லியிருக்காரு. தம்பிக்கு சுருக்குனு ஆயிடுச்சு.

அப்ப எனக்கு ஒருத்தரு ஐடியா குடுத்தாரு, பிளஸ் டூ எல்லாம் எதுக்கு, ஓப்பன் யூனிவர்சிட்டில நேரா டிகிரி போட்டுடலாம்னு. நானும் ஃபார்ம் வரைக்கும் போயிட்டேன். எங்க தெருவுல ரிட்டயர்டு வாத்தியாரு ஒருத்தரு இருக்காரு, அவருதான் தடுத்தாரு. பத்து, பிளஸ் டூ, அப்புறம் மூணு வருஷ டிகிரி, இந்த வரிசையில படிச்சாதான் நம்ம கவர்மெண்ட்டு அந்த டிகிரிய வேலைக்கு எடுத்துக்கும், 2009-லயே அரசாணை இருக்குன்னாரு. கொலை கேஸ்ல உள்ள இருக்குறவனுக்கு எந்த கவர்மெண்ட் சார் வேலை குடுக்கப் போவுதுன்னு கேட்டேன். "வேலைய வுடும்மா, நாளைக்கு அவன் மேல படிக்கிறப்ப எவனும் உன் டிகிரி செல்லாதுன்னு சொல்லக் கூடாது, அதுக்கு"ன்னாரு. அவரு சொன்னது எவ்ளோ பெரிய உதவின்னு பின்னாடிதான் புரிஞ்சுது, ஏன்னா உள்ள ரெண்டு பேரு அப்பிடி குறுக்கால டிகிரி வாங்கிட்டு இப்ப மறுபடி பிளஸ் டூ எழுதிக்கினு இருக்காங்களாம், டிகிரி கையில வெச்சுக்கினு!

அதனால முதல்ல அந்த ரெண்டு பாடம், 2018-ல தனித்தேர்வரா எழுதினான். அதுக்கு பழைய மார்க் ஷீட்டும் டிசியும் வேணும். ஸ்கூலுக்குப் போனா ஆபீஸ்ல இருந்தவரு யாருக்கு, எதுக்கு, ஆள் ஏன் நேர்ல வரலன்னு கேட்டாரு. நான் வெட்கப்பட்டுக்கினு வெளியூர்ல வேலை செய்யிறான்னு பொய் சொன்னேன். அப்ப அவனையே கையெழுத்துப் போட வரச் சொல்லுன்னுட்டாரு. மூணு நடை நடந்தேன். நாலாவது தடவை உண்மைய சொன்னேன், அவரு ஒரு நிமிஷம் என் மூஞ்ச பாத்துட்டு ஆதரைசேஷன் லெட்டர் ஒண்ணு அவன் கையெழுத்தோட ஜெயில் சீலோட வாங்கினு வாம்மான்னாரு, அடுத்த தடவையே வேலை முடிஞ்சுது. பொய் சொன்னதுல எனக்கு போனது ஒன்றரை மாசம். எங்க போனாலும் முதல் வாயிலயே ஜெயில்ல இருக்கான்னு சொல்லிடுங்க. சில பேரு மூஞ்ச சுளிப்பாங்க, ஆனா என்ன பேப்பர் வேணும்னு கரெக்டா சொல்லிடுவாங்க.

டிகிரிக்கு ஃபீஸ் பிரச்சனை இல்ல. இக்னோன்ற சென்ட்ரல் கவர்மெண்ட்டு ஓப்பன் யூனிவர்சிட்டில 2010-ல இருந்தே உள்ள இருக்கறவங்களுக்கு கட்டணம் கிடையாது, புக்கும் அவங்களே குடுத்துடுவாங்க. ஆனா ஃப்ரீன்னு கேட்டதும் கண்ண மூடிக்கினு சேந்துடக்கூடாது, ரெண்டு விஷயம் பாக்கணும். ஒண்ணு, புக்கு எந்த பாஷையில வருது. எங்காளு இங்கிலீஷ்ல ஃபெயிலான பார்ட்டி, அவனுக்கு தமிழ்ல பாடம் இருக்குற படிப்பா தேடித்தான் பி.ஏ. ஹிஸ்டரி எடுத்தோம். இன்னொண்ணு, பரிட்சை சென்டர் ஜெயிலுக்குள்ளயே இருக்கா, வெளியவா. வெளியன்னா ஒவ்வொரு பரிட்சைக்கும் வழிக்காவலுக்கு போலீஸ் வரணும், அன்னிக்குன்னு பாத்து எங்கியாவது திருவிழா, மீட்டிங்னு பந்தோபஸ்து போயிட்டா பேப்பர் போச்சு, ஆறு மாசம் கழிச்சுத்தான் அடுத்தது. சேர்றதுக்கு முன்னாடியே உள்ள படிப்பு பாத்துக்கற வாத்தியாருகிட்ட கேக்கச் சொல்லுங்க, அவங்களுக்கு எந்த யூனிவர்சிட்டி உள்ள வந்து பரிட்சை வெக்குதுன்னு தெரியும்.

பிராக்டிகல் இருக்குற படிப்பும் கஷ்டம், லேபுக்கு எங்க போறது. பி.எட்.னா ஸ்கூலுக்குப் போயி கிளாஸ் எடுக்கணும், அது நடக்காது. எல்லாத்தையும் விட பெரிய ஆசை வக்கீல் படிப்பு. உள்ள இருக்குறவங்க நாலு பேர கேட்டா மூணு பேரு லாதான் சொல்வாங்க, தன் கேஸ தானே வாதாடணும்னு. தம்பியும் கேட்டான். தபால்ல படிச்ச எல்.எல்.பி.ய பார் கவுன்சில் ஒத்துக்காது, காலேஜுக்கு நேர்ல போயி உக்காந்து படிக்கணும், இத அவனுக்கு அந்த இன்டர்காம் போன்ல சொல்றதுக்குள்ள எனக்கு தொண்டை அடைச்சுது. யாராவது ஏஜென்ட்டு உள்ள இருந்தே லா டிகிரி வாங்கித் தர்றேன்னு வூட்டுக்கு வந்தா காசு குடுத்துடாதீங்க. சட்டம் தெரிஞ்சிக்கணும்னு மட்டும் இருந்தா இக்னோவுல மனித உரிமை சர்டிபிகேட் கோர்ஸ் மாதிரி சின்னச்சின்ன படிப்பு இருக்கு, அது வேற.

2019-ல சேந்தான். அப்புறம்தான் அசைன்மென்ட்டுன்னு ஒரு பூதம் வந்துச்சு. பரிட்சைக்கு 70 மார்க்னா இதுக்கு 30, கையாலதான் எழுதணும், தேதிக்குள்ள ஸ்டடி சென்டர்ல சேத்துடணும். அவன் ஷூ தைக்கிற யூனிட்ல வேலை, நம்ம போலீஸ்காரங்க போடுற பூட்ஸ் எல்லாம் இங்க தைக்கிறதுதான், பகல் பூரா அது, சாயங்காலம் லாக்கப் ஆனதுக்கப்புறம் பிளாக்ல இருக்குற வெளிச்சத்துல எழுதுவான். கூட இருக்குறவங்க பேசிக்கினு இருப்பாங்க, டிவி ஓடும், காதுல பஞ்சு வெச்சுக்குவானாம். எழுதினது ஜெயில் வாத்தியாரு கை வழியா என்கிட்ட வரும், நான் எடுத்துக்கினு போயி சென்டர்ல குடுக்கணும். முதல் வருஷம் அஞ்சு பாடத்துக்கும் குடுத்தேன், வாங்கின ஆளு அடுக்கு மேல போட்டுட்டு சரிம்மான்னாரு, நானும் சரின்னு வந்துட்டேன். ரிசல்ட்டுல மூணு பாடத்துக்கு அசைன்மென்ட்டு வரலன்னு இருக்கு. போயி கேட்டா நீ குடுத்ததுக்கு ஆதாரம் இன்னான்றாங்க. ஒரு ஆதாரமும் இல்ல. நூத்துக்கணக்குல பக்கம், அவன் ராத்திரி ராத்திரி எழுதினது, எந்த கட்டுக்கு அடியில போச்சோ. இத எப்பிடி அவன்கிட்ட சொல்றதுன்னு ரெண்டு வாரம் மனுவுக்கே போவல. சொன்னப்ப அவன் திட்டல, "வுடுக்கா, மறுபடி எழுதினா நல்லா மனப்பாடம் ஆவும்"ன்னான். திட்டியிருக்கலாம்.

அதுல இருந்து ஒரு பக்கம் வுடாம ஜெராக்ஸ், அப்புறம் போன்ல போட்டோ, குடுக்கற இடத்துல ஒரு வெள்ள பேப்பர்ல என்னென்ன குடுத்தேன்னு எழுதி அதுல சீல் அடிச்சு கையெழுத்து. சீல் போடமாட்டேன்னா ரிஜிஸ்டர் போஸ்ட்டு. தொந்தரவு புடிச்ச பொம்பளன்னு எனக்கு அந்த சென்டர்ல பேரு, இருக்கட்டும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனா இதுக்கே ரெண்டு தடவை திரும்பி வந்திருக்கேன். நோட்ஸ் உள்ள குடுக்கறப்ப ஸ்பைரல் பைண்டிங் கம்பி, ஸ்டேப்ளர் பின் எதுவும் இருக்கக்கூடாது. எல்லாத்தையும் பிரிச்சு தனித்தனி தாளா குடுத்தா உள்ள போயி கலைஞ்சு போயிடுது, நாலாம் பக்கத்துக்கப்புறம் பதினோராம் பக்கம். அப்புறம்தான் தோணிச்சு, வூட்டுல மிஷினு இருக்கே! அம்பது அம்பது தாளா அடுக்கினா மிஷினு ஊசி உடைஞ்சுடும், பத்து பத்தா வெச்சு, பெரிய தையல் விட்டு, ஓரத்துல ஒரே ஓட்டு. பிளவுஸ் தைச்ச மீதி நூலுதான், ஒரு பாடம் செவப்பு, ஒரு பாடம் பச்சை. கேட்ல செக் பண்ற வார்டரம்மா மொதல் தடவை விரிச்சு பாத்துட்டு, "நீயே தைச்சியா?"ன்னு கேட்டுட்டு சிரிச்சுக்கினே உள்ள அனுப்பினாங்க. அடுத்த தடவை அவங்க பொண்ணு பிளவுஸுக்கு அளவு குடுத்தாங்க.

2020 மார்ச்சுல கொரோனா வந்து மனு நின்னுடுச்சு. வீடியோ கால்ல முகம் மட்டும் பாத்தோம். பேப்பர் போக்குவரத்தே இல்ல, பரிட்சை தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. அந்த காலத்த பத்தி சொல்ல ஒண்ணுமில்ல, எல்லாருக்கும் போன மாதிரி போச்சு.

இத சொல்லலாமா வேணாமான்னு ரொம்ப யோசிச்சேன். ஒரு தடவை ஜெராக்ஸ் கடையில நிக்கிறேன், பக்கத்துல செத்துப் போனவரோட சம்சாரம். ஒரே ஊரு, பாத்துக்காம இருக்க முடியாது. அவங்க பையனோட காலேஜ் ஃபீஸ் ரசீது ஜெராக்ஸ் எடுக்க வந்திருக்காங்க. என் கையில இருந்த தாள்ல தம்பி பேரு பெருசா இருக்கு. பாத்துட்டாங்க. "உன் தம்பிக்கு கவர்மெண்ட்டே ஓசில காலேஜு, எம்புள்ளைக்கு நான் வட்டிக்கு வாங்கி கட்டினு கீறேன்"னு மெதுவாத்தான் சொன்னாங்க, சத்தம் கூட போடல. கடைக்காரப் பையன் மிஷின நிறுத்திட்டான். எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல, இன்னிக்கும் தெரியல. உள்ள படிக்கிறவங்களுக்கு ஏன் ஃப்ரீன்னு கேட்டா நூறு நியாயம் சொல்லலாம், நானே சொல்லுவேன், வெளிய வந்தா அவன் எப்பிடி வாழ்றது, படிச்சவன் மறுபடி தப்பு பண்றது கம்மின்னு. ஆனா அந்தம்மா கேட்டது அந்தக் கேள்வி இல்ல. தம்பிகிட்ட சொன்னேன். அடுத்த ரெண்டு மனுவுக்கு அவன் படிப்பு பத்தி பேசவேயில்ல, அப்புறம் தானா அசைன்மென்ட்டு வந்துச்சு.

2023-ல பி.ஏ. முடிச்சான். மூணு வருஷப் படிப்பு, நாலு வருஷம் ஆச்சு. படிச்சா சீக்கிரம் வுட்டுடுவாங்களான்னு எல்லாரும் கேக்கறாங்க. பேரறிவாளன் கேஸ்ல 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டு விடுதலை பண்றப்போ உள்ள இருந்தப்ப அவரு படிச்ச படிப்பையும் ஒரு காரணமா சேத்து எழுதிச்சு, வாஸ்தவம். ஆனா அதுக்கூட 30 வருஷத்துக்கு மேல உள்ள இருந்தது, நடத்தை, உடம்பு நிலைன்னு இன்னும் எவ்ளோ இருந்துச்சு. டிகிரிய காட்டினா கேட் தெறக்கும்னு தம்பிக்கு நான் ஆசை காட்டல, நீங்களும் காட்டாதீங்க.

எம்.ஏ. சேரலாம்னு 2024-ல போனப்பதான் பெரிய சுவரு. அந்த வருஷ ஜூலை அட்மிஷன்ல இருந்து தொலைதூரப் படிப்பு யாரு சேந்தாலும் டெப் ஐடின்னு ஒரு பதிவு நம்பரு வேணும்னு யூனிவர்சிட்டிங்கள மேய்க்கிற யுஜிசி சொல்லிடுச்சு. டெப் ஐடிக்கு ஏபிசி ஐடி, அதாவது படிச்ச கிரெடிட்ட சேத்து வெக்கிற கணக்கு நம்பரு, வேணும், அதுக்கு டிஜிலாக்கர், அதுக்கு ஆதார்ல இருக்குற போன் நம்பருக்கு ஓடிபி வரும். யாருக்கு ஓடிபி? உள்ள போன் வெச்சிருந்தா அது தனி கேஸு! அவன் ஆதார்ல இருக்குற நம்பரோ 2015-க்கு முந்தினது, அந்த சிம்மு செத்து இப்ப யாரோ திருப்பூர்காரரு பேசறாரு. அப்ப நம்பர மாத்தணும்னா ஆளே நேர்ல வந்து ரேகை வெக்கணும். உள்ளயே ஆதார் கேம்ப் போட்டா உண்டு, அது எப்பன்னு யாருக்கும் சொல்லத் தெரியல.

அந்த நேரத்துல எங்க நைனா தவறிட்டாரு. தம்பிக்கு அவசர விடுப்பு கெடைச்சுது, வந்தான், கொள்ளி போட்டான், மொட்டை அடிச்சான். தினமும் ஸ்டேஷன்ல போயி கையெழுத்து போடணும். நாலாம் நாளு கையெழுத்து போட்டுட்டு வர்றவன அப்பிடியே போஸ்ட் ஆபீஸ் ஆதார் கவுண்டருக்கு இட்டுக்கினு போயிட்டேன். அம்மா வாசல்லயே குந்திக்கினு கத்தினாங்க, "அப்பன் செத்து ஈரம் காயல, இவளுக்கு ஆதாரு கேக்குது"ன்னு. கேட்டுச்சு, இன்னா பண்றது, இந்த ஆறு நாள வுட்டா அவன் விரலு வெளிய எப்ப வரும்?

அங்க போயி உக்காந்தா ரேகை பதிய மாட்டேங்குது. வலது கட்டை விரலு, ஆள்காட்டி விரலு, மாத்தி மாத்தி வெக்கிறான், மிஷினு செவப்பு செவப்பா காட்டுது. ஏழு வருஷமா ஊசியும் தோலும் புடிச்ச கையி, விரல் நுனி பூரா காய்ப்பு காய்ச்சு வழவழன்னு ஆயிடுச்சு. கவுண்டர்ல இருந்த பொண்ணு ஈரத்துணி குடுத்து துடைக்கச் சொல்லிச்சு, எண்ணெய் தடவச் சொல்லிச்சு, அப்புறம் "அண்ணா என்ன வேலை பண்றீங்க?"ன்னு கேட்டுச்சு. இவன் என்னைப் பாத்தான். "செருப்பு தைக்கிறேம்மா"ன்னான். பொய் இல்ல. கடைசியில கண்ண வெச்சு எடுத்துச்சு, ஒரே தடவையில பதிஞ்சுது, அம்பது ரூபா. என் நம்பர குடுத்தோம். கொஞ்ச நாள்ல என் போனுக்கு மெசேஜ் வந்தப்ப அவன் திரும்பி உள்ள போயிட்டான், நான் நெட் சென்டர்ல உக்காந்து டிஜிலாக்கர், ஏபிசி, டெப் ஐடி மூணையும் ஒரே மத்தியானத்துல முடிச்சேன்.

அதனால உங்காளு பரோல்லயோ அவசர விடுப்புலயோ வந்தா துக்கமோ கல்யாணமோ, ஒரு மணி நேரம் ஒதுக்கி ஆதார்ல வீட்டு ஆளு நம்பர சேத்துடுங்க. அந்த நம்பர மட்டும் எப்பவும் ரீசார்ஜ் பண்ணி உசுரோட வெச்சுக்குங்க. ஆதார்ல இருக்குற பேரும் பத்தாவது மார்க் ஷீட் பேரும் ஒண்ணாதானா பாத்துக்குங்க, எங்களுக்கு இனிஷியல் முன்னாடி பின்னாடி மாறி இருந்து இன்னொரு ரெண்டு வாரம் போச்சு.

தண்டனை ஆனவனுக்கே இப்பிடின்னா ரிமாண்ட்ல இருக்குறவங்க நிலைமை இன்னும் மோசம். நம்ம நாட்டுல உள்ள இருக்குறவங்கள்ல நாலுல மூணு பேரு கேஸே முடியாதவங்க, 2022 கணக்குப்படி 75.8 சதவீதம். வாய்தா வாய்தான்னு போயிக்கினு இருப்பாங்க, எப்ப ஜாமீன் வரும், எப்ப வேற ஜெயிலுக்கு மாத்துவாங்கன்னே தெரியாது, யாரு அவங்கள டிகிரியில சேக்கறது. அதுக்கும் ஒரு வழி, ஆறு மாச சர்டிபிகேட் கோர்ஸ் மாதிரி ஏதாவதுல பேர் குடுத்து வெச்சா, வெளிய வந்தாலும் அட்ரஸ மாத்தி தொடர்ந்துக்கலாம்.

வெளிய ஆளே இல்லாதவங்களும் இருக்காங்க. தம்பி பிளாக்ல ஒருத்தரு, அணைக்கட்டுன்ற ஊருக்கு மேல மலை ஊரு, 46 வயசு, மனு பாக்க யாரும் வந்ததே இல்ல. தம்பிதான் அவருக்கு எழுத்து கத்துக்குடுத்தான். போன வருஷம் தயங்கித் தயங்கி கேட்டான், "க்கா, அவருக்கும் எட்டாவது ஃபார்ம் போட்டுடறியா?"ன்னு. எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு, ஒருத்தனுக்கே நான் ஓடி முடியல. ரெண்டு நாள் கழிச்சு சரின்னேன். அவரு ஸ்கூல்ல சேந்ததே இல்ல, அதனால டிசி கேக்க மாட்டாங்க, பிறந்த தேதிக்கு ஒரு சான்று போதும். மலையில பொறந்தவருக்கு பிறப்புச் சான்று எங்க போறது? போன வாரம் பஸ் புடிச்சு அவரு ஊருக்கே போனேன். அவரோட அக்கா இருக்காங்க, எழுபது இருக்கும், அவன் உசுரோட கீறானான்னு கேட்டாங்க. படிக்கிறான் ஆயா, அதுக்குத்தான் வந்தேன்னு சொன்னேன். உள்ள போயி ஒரு தகரப் பொட்டிய இழுத்து வந்து திண்ணையில கொட்டினாங்க, பழைய ரேஷன் கார்டு, ஒரு ஓட்டு ஸ்லிப்பு, மருந்துச் சீட்டுங்க. ரேஷன் கார்டுல வயசு போட்டிருக்கு, தேதி இல்ல. அத எடுத்துக்கினு வர்ற திங்கக்கிழமை தாலுகா ஆபீஸ் போறேன். போட்டோ எடுத்துக்கினேன், ஜெராக்ஸும் எடுத்தாச்சு.